திரை மகனுக்கு, தரை மகளுக்கு

"பெருமதிப்புக்குரிய வாடிப்பட்டி வட்டாரப் பொதுமக்களே! தாய்மார்களே! கலையுலகின் காவலர்களே! தென்மாவட்டத் திறந்தவெளித் திரையரங்க வரலாற்றின் பொன்னேட்டில் ஒரு மாபெரும் சகாப்தம் இன்றோடு நிறைவுறுகிறது. அமரர் முத்துக்கருப்பன் அவர்களால் எழுப்பப்பட்ட வானளாவிய திரைச்சுவர், சங்கப் பொதுக்குழுவின் ஏகமனதான தீர்மானத்தின்படி, இன்று வெள்ளிக்கிழமை அகற்றப்பட இருக்கிறது. அதுசமயம், சுவருக்கு எதிரே மல்லிகைத் தோட்டம் வைத்திருப்போர் எவராயினும், இயந்திரம் இறங்க வழிவிட்டு ஒத்துழைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இங்ஙனம், தலைவர், மதுரை மாவட்ட டிரைவ்-இன் திரையரங்க உரிமையாளர் சங்கம்!"

குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ இதை முழங்கிக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போகவில்லை. ஒரே ஒரு வேலியோரமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அந்த வேலிக்குள் பொதுமக்கள் என்று இருந்தது முத்துமீனா ஒருத்தி. கலையுலகின் காவலர்கள் என்ற வகையில் இரண்டு ஆடுகள் நின்றன.

முத்துமீனா பூ எடுப்பதை நிறுத்தவில்லை. மடி நிறைய மொட்டு. குரல் அவளுடைய அண்ணன் காளையின் குரல். எங்கேயோ உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்திருக்கிறார். நடுவில் ஓர் இருமல்கூட அப்படியே பதிவாகியிருந்தது.

"கேட்டியாடி கருவாச்சி?" என்றாள் பக்கத்தில் நின்ற ஆட்டிடம். "எவராயினுமாம். இந்த மாவட்டத்துலயே செவத்துக்கு எதுக்க மல்லியப் போட்டவ நான் ஒருத்திதான். எம்பேரச் சொன்னா வாய் வெந்துருமோ?"

கருவாச்சிக்கு இதில் அபிப்பிராயம் இல்லை.

அண்ணனும் தங்கையும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது என்பது இந்தக் கதையைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம்.

அப்பா முத்துக்கருப்பன் ஒருமுறை மெட்ராஸ் போனார். காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற கொட்டகையைப் பார்த்தார். திரும்பி வந்து பைபாஸ் ஓரத்தில் இருந்த சொந்த நிலத்தில் அப்படியே ஒன்றைக் கட்டினார். ரோட்டுக்கு முதுகு காட்டி ஆகாயம் உயரத்துக்கு ஒரு சுவர். எதிரே கார்கள் மூக்கைத் தூக்கி நிற்க வரிசை வரிசையாக மண்மேடு. மேட்டுக்கு மேடு இரும்புக் கம்பம், கம்பத்துக்கு ஒரு ஒலிபெருக்கி. மகள் பெயரையே வைத்தார்: முத்துமீனா டிரைவ்-இன். எல்லாம் சரியாக இருந்தது. சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் கார் இல்லை என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

டிக்கெட் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. எழுமலையிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளை பெண்ணோடு மொத்தமாக ஒரே டிராக்டரில் வந்து இறங்கியது. ஒரு வண்டி, ஒரு டிக்கெட். சட்டப்படி யாரும் ஒன்றும் கேட்க முடியவில்லை. டிரெய்லரில் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு, படம் முடிந்ததும் முத்துக்கருப்பனுக்கும் ஒரு இலை போட்டுவிட்டுப் போனார்கள்.

அப்பா காலமான பிறகு பாகப்பிரிவினை. ஊர்ப் பெரிய மனிதர்கள் மூன்று பேர் உட்கார்ந்து, காபி குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள்: திரை மகனுக்கு, தரை மகளுக்கு. எதுகை மோனையோடு வந்துவிட்டதால் அது நியாயமாகவும் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். விளைவு, காளையிடம் பார்க்க ஆள் இல்லாத திரை. முத்துமீனாவிடம் பார்க்கத் திரை இல்லாத மைதானம். ஒருவர் தயவு இல்லாமல் ஒருவர் படம் போட முடியாது. இருவருக்கும் நடுவே ஓர் எல்லைக்கல்.

முத்துமீனா அழுதுகொண்டிருக்கவில்லை. கார் நிற்கும் மேடுகளில் மல்லிகை வைத்தாள். தண்ணீர் தேங்காத மேட்டில் செடி பிடித்துக்கொண்டது. புரொஜெக்டர் அறையில் மோட்டார் செட். ஒலிபெருக்கிக் கம்பத்தில் ஆடு.

காளை சுவரை வைத்துக்கொண்டு சங்கத் தலைவரானார். சங்கத்தில் ஒரு காலத்தில் மூன்று உறுப்பினர்கள். நத்தம் ரோட்டுக்காரர் பிளாட் போட்டு விற்றுவிட்டார். திருமங்கலம் பக்கத்துக்காரர் கல்யாண மண்டபம் கட்டி, திரை இருந்த இடத்தில் பந்தி பரிமாறுகிறார். மிச்சம் காளை ஒருவர்தான். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. அந்தச் சங்கத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போடுவது அப்படியொன்றும் சிரமமில்லை.

ஆட்டோ ஐந்தாவது முறையாகத் திரும்பியபோது, வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு தாமரைச்செல்வி வந்தாள். காளையின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் எல்லைக்கல்லை மதிக்காத ஒரே ஆள்.

"வாங்க மதினி. என்ன, சங்கத்துல மகளிர் அணி ஆரம்பிச்சாச்சா?"

"நீ வேற. காலையில டீ ஆத்தும்போது நான் கேட்டேன், இது தலைவருக்கா செயலாளருக்கான்னு. ரெண்டு பேருக்கும் சீனி கம்மியாப் போடுங்குறாக." தாமரைச்செல்வி மேட்டில் உட்கார்ந்து தானும் நாலு மொட்டு கிள்ளினாள். "மீனா, விட்டுக்குடு. ரோட்டுப் பக்கமா இடிச்சா பஸ்சு மேல விழும். மிஷினு ஒன் தோட்டத்துல எறங்கித்தான் ஆகணும். ரெண்டு வரிசைதான் போகும்."

"ரெண்டு வரிச போனாப் போகுது. எதுக்கு இப்ப இடிக்கணும்?"

"அந்த எடத்துல பெட்ரோல் பங்க் வருதாம். பேசிட்டாக."

முத்துமீனாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பா காலத்தில் வராத கார்கள் எல்லாம் கடைசியில் அந்த இடத்துக்கு வரத்தான் போகின்றன. படம் மட்டும் இல்லை.

"பேசுனா பேசட்டும். பேச்சுத்தானே" என்றாள்.

தாமரைச்செல்வி முந்தானையில் கை துடைத்தாள். "நாங்களும் சிம்மக்கல்லுக்குப் போயிருவோம் மீனா. எந் தம்பி கடையில ஆளு இல்ல. இவுகளும் சும்மா அந்தச் செவத்தடியில உக்காந்து எம்புட்டு நாளைக்கி இருமிட்டு இருப்பாக?"

முத்துமீனாவின் கை செடியிலேயே நின்றுவிட்டது.

இந்தப் பதினோரு வருஷத்தில் காளை ஒரு சாயங்காலம்கூடத் தவறவிட்டதில்லை. வெயில் சாய்ந்ததும் வருவார். சுவரடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தங்கை தோட்டத்தைப் பார்க்க உட்காருவார். பார்க்காத மாதிரி. அவள் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவாள். கேட்காத மாதிரி. இருமல் வறட்டு இருமலா, சளி இருமலா என்று அவளுக்குத் தெரியும். போன மார்கழியில் இருமல் மோசமானபோது, தூதுவளையை ஆய்ந்து ஒரு கட்டு எல்லைக்கல் மேல் வைத்துவிட்டு, ஆடு தின்னட்டும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் கட்டு இல்லை. ஆடுகளோ கம்பத்தில் கட்டியபடியே கிடந்தன.

சுவர் போனால் அந்த நாற்காலி போகும். நாற்காலி போனால் அண்ணன் போவார். சிம்மக்கல் ஜனநெரிசலில் எந்த இருமல் யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

"ஒன்னு தெரியுமா மீனா?" தாமரைச்செல்வி எழுந்தாள். "சிமெண்ட் கம்பெனிக்காரன் செவத்து முதுகுப் பக்கம் முழுசா வெளம்பரம் எழுதக் கேட்டான். இவுக ஒரே பிடியா முடியாதுன்னுட்டாக. பேரு இருக்கற எடத்த விட்டுட்டு மிச்சத்துல எழுதிக்கன்னு. அவன் போயே போயிட்டான்."

முதுகுப் பக்கம் இருக்கிற பெயர் முத்துமீனாவின் பெயர். பைபாஸில் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் படிக்கிற பெயர். வருஷா வருஷம் பொங்கலுக்கு அதன்மேல் புது பெயிண்ட் ஏறுவதை அவளும் பார்த்திருக்கிறாள். விளம்பரத்துக்காக இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். "மிஷினு எறங்கட்டும் மதினி. ஆனா ஒன்னு. அதுக்கு முன்னாடி எம்மகளுக்குக் காது குத்தி முடியணும். மாமன் மடியில வச்சு. அதுவரைக்கும் ஒரு சக்கரம் உள்ள வரக் கூடாது."

இது முடியாத காரியம் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

மகள் பவதாரிணிக்கு ஒன்பது வயது. காது இன்னும் மூளி. ஒரு வயதிலேயே குத்தியிருக்க வேண்டியது. குழந்தையை மடியில் வைக்கத் தாய்மாமன் வேண்டும். கூடப்பிறந்தவனுக்கு அழைப்பு எதற்கு, தானாக வர வேண்டாமா என்று முத்துமீனா காத்திருந்தாள். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாமல் ஒரு சங்கத் தலைவர் எப்படி வருவது என்று காளை காத்திருந்தார். நடுவில் பிள்ளை வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும்போது கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டை இரண்டு காதிலும் ஒட்டிக்கொண்டு போகிறது. வியர்த்தால் ஒன்று கன்னத்துக்கு இறங்கிவிடும்.

"வெத்தல பாக்கு?" என்றாள் தாமரைச்செல்வி கவலையாக. "கூப்பிடாம வர மாட்டாகளே."

"கூப்புடுறேன்." முத்துமீனா மடிப்பூவைக் கூடையில் கொட்டிவிட்டு வேலிக்கு நடந்தாள். "தம்பி! ஆட்டோவ நிப்பாட்டு. அந்த மைக்க இங்கிட்டுக் குடு."

ஆட்டோக்காரர் தயங்கினார். "அக்கா, வாடகை அண்ணன் குடுத்தது…"

"அதே அண்ணனுக்குத்தான் பேசப் போறேன். குடு."

மைக் கீச்சிட்டு அடங்கியது. முத்துமீனா தொண்டையைச் செருமினாள்.

"பெருமதிப்புக்குரிய பொதுமக்களே. எம்மக பவதாரிணிக்கு இன்னைக்குக் காது குத்து. மாமன்னு எவராயினும் இருந்தா, பத்தரக் கூட்டிக்கிட்டு வரவும். இங்ஙனம், தரை."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி பூ எடுக்க உட்கார்ந்தாள். அண்ணன் வரமாட்டார். மானம் போச்சு என்று துண்டை உதறுவார், நாற்காலியில் போய் உட்காருவார், மிஷின் திரும்பிப் போகும், சுவர் நிற்கும், சாயங்காலம் இருமல் கேட்கும். கணக்கு அவள் மனசில் அத்தனை சுத்தமாக இருந்தது.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் இடிக்கிற மிஷின் வந்துவிட்டது. மஞ்சள் நிறத்தில், பைபாஸ் ஓரமாக உறுமிக்கொண்டு நின்றது. அதை ஓட்டிவந்த தங்கப்பாண்டி இறங்கி, சுவரை அண்ணாந்து பார்த்து, "அம்மாடி, இம்புட்டு ஒசரமா!" என்றான்.

அதன் பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர். ஓட்டிவந்தவர் காளை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சங்கக் கரை போட்ட துண்டு. பின்னால் வாடிப்பட்டிப் பத்தர், ஊசிப் பெட்டியும் தாம்பாளமுமாக. தாம்பாளத்தில் வாழைப்பழம், தேங்காய், ஊதா நிறத்தில் ஒரு பட்டுப்பாவாடை.

முத்துமீனா கூடையை வைத்துவிட்டு எழுந்தாள். கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று தெரிந்திருந்தால் எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டிருப்பாளே.

காளை எல்லைக்கல் வரை வந்து நின்றார். துண்டைச் சரிசெய்தார். பொதுக்கூட்ட மேடை ஏறுகிறவரைப் போல ஒருமுறை சுற்றும் பார்த்தார். பிறகு வலது காலை எடுத்துத் தங்கை நிலத்தில் வைத்தார். அது சொட்டுநீர்க் குழாயில் மாட்டியது. தலைவர் இரண்டு மேட்டுக்கு நடுவே நான்கு காலில் நின்றார். துண்டு செடிமேல் கிடந்தது.

பரீட்சை லீவில் வீட்டிலிருந்த பவதாரிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய கைக்கு வெளியே சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

"யாரது சிரிக்கிறது?" என்றார் காளை, மண்ணைத் தட்டிக்கொண்டே.

"நாந்தான் மாமா. நீங்கதான் எம் மாமாவா? தெனமும் செவத்தடியில இருமுவீகளே, அவுகளா?"

காளை செடிமேல் கிடந்த துண்டை எடுத்து உதறினார். சங்கப் பேச்சு எதுவும் அந்த இடத்தில் பொருந்தவில்லை.

புரொஜெக்டர் அறை நிழலில் பாய் விரித்தார்கள். காளை சம்மணம் போட்டு உட்கார, பட்டுப்பாவாடை மாற்றிக்கொண்டு வந்து பவதாரிணி மடியில் ஏறினாள். ஒரு வயதுக் குழந்தைக்குத் தோதான மடி. பிள்ளை அதை அடைத்துக்கொண்டு, கால் இரண்டும் பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. காளைக்கு மூச்சு முட்டியது. இறக்கவில்லை.

"தோடு கொண்டாங்க" என்றார் பத்தர்.

காளை சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். பத்தர் திறந்து பார்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னண்ணே இது? கைக்கொழந்தைக்குப் போடுற தோடுல்ல. பழைய வேல. இம்புட்டூண்டு திருகாணி. இந்தப் பிள்ளைக்கு முட்டிக்கிட்டு நிக்குமே."

காளை வேறு பக்கம் பார்த்தார். "இருந்துச்சு. கொண்டாந்தேன். போடுங்க."

தாமரைச்செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முத்துமீனா அந்தத் தோட்டைப் பார்த்தாள். மிளகு அளவு. அது எப்போது வாங்கியது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

"சாமிய நெனச்சுக்க பாப்பா" என்றார் பத்தர்.

ஊசி இறங்கியது. "ஐயோ!" என்று ஒரு சத்தம். ஆடுகள் மிரண்டன. கத்தியது காளை. பவதாரிணி பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீரோடு, மாமனை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, எனக்குத்தான் குத்துனாங்க."

"தெரியும் தாயி. தெரியும்." துண்டால் தன் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார்.

தோடு எப்படியோ ஏறிவிட்டது. பத்தர் பிள்ளையின் முகத்தை மறுபக்கம் திருப்பினார். அந்த நேரம் பார்த்து பைபாஸ் பக்கம் மிஷின் உறுமியது. தங்கப்பாண்டி தலையை நீட்டினான்.

"முடிஞ்சிருச்சாக்கா? எறக்கவா?"

முத்துமீனா சுவரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அண்ணனின் மடியிலிருந்து நீண்டுகொண்டிருந்த அந்த இரண்டு காலையும் பார்த்தாள்.

"பத்தரே, நிறுத்துங்க."

"என்னத்தா?"

"ஒரு காது போதும் இன்னைக்கி."

பத்தருக்கு ஊசி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷத் தொழிலில் அவர் அரைக் காதுகுத்து பார்த்ததில்லை. "ஒத்தக் காத குத்தி விடுறதா? ஊரு ஒலகத்துல கேட்டாச் சிரிப்பாகத்தா!"

"சிரிக்கட்டும். ரெண்டு காதும் குத்துனாத்தான் மிஷினுன்னு சொல்லியிருக்கேன். ஒன்னுதான் ஆயிருக்கு."

"சம்பிரதாயம்னு ஒன்னு இருக்கு…" என்று காளை ஆகாயத்தைப் பார்த்து, தலைவர் குரலில் ஆரம்பித்தார்.

"அண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். காளையின் சம்பிரதாயம் நடுவழியில் நின்றது. பதினோரு வருஷத்தில் ஆட்டுக்கும் செடிக்கும் கம்பத்துக்கும் சொன்னதெல்லாம் போக, அவருக்கென்று நேராக வந்த முதல் சொல்.

"அண்ணே, மறு காதுக்கு அடுத்த வெள்ளிக்கிழம வா. அன்னைக்கிப் பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா, அதுக்கடுத்த வெள்ளிக்கிழம வா. நீ வந்துக்கிட்டே இரு. செவரு நிக்கட்டும்."

"ஒத்தத் தோட்டோட பள்ளிக்கூடம் போவியா தாயி?" என்று காளை மடியிலிருந்தவளிடம் கேட்டார்.

"இந்தக் காதுல தோடு. அந்தக் காதுல ஸ்டிக்கர்" என்றாள் பவதாரிணி. அவள் வரையில் பிரச்சினை முடிந்துவிட்டது.

காளை எதையோ சொல்ல வாய் திறந்தார். சுவரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தாமரைச்செல்வி குனிந்து, உருளாத தேங்காயை எடுத்துத் தாம்பாளத்தில் நேராக வைத்துக்கொண்டிருந்தாள். காளை வாயை மூடிக்கொண்டார்.

"தங்கப்பாண்டி! மிஷின அமத்துப்பா" என்று மட்டும் குரல் கொடுத்தார். பிறகு தங்கையிடம், "வாரேன்த்தா. வெள்ளிக்கிழம வாரேன்."

மிஷின் வந்த வழியே திரும்பியது. பத்தர் தலையை ஆட்டிக்கொண்டே பஸ் ஏறினார். காளை ஸ்கூட்டரை எடுக்கவில்லை. மத்தியானம் தங்கை வீட்டில் சாப்பிட்டார். உப்பு கம்மி என்றார். அப்பா செய்த ஒரே தப்பு டிக்கெட்டை வண்டிக்குப் போட்டதுதான் என்றார். இல்லை, கார் இல்லாத ஊரில் கட்டியதுதான் என்றாள் அவள். கைகழுவும் வரை அது ஓடியது.

வெயில் சாய்ந்தது. சுவரின் நிழல் இறங்கி, ரோஜா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்த வானத்துக்குக் கீழே மல்லிகை மேடுகள்மேல் ஒவ்வொன்றாக ஏறி வந்தது. காளை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். பவதாரிணி பக்கத்தில் நின்று ஒற்றைத் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இருமினார். வறட்டு இருமல்தான். முத்துமீனா மோட்டாரைப் போட்டுவிட்டு, மனசு நிறைந்து, தூதுவளை ஆய உட்கார்ந்தாள்.

அந்தச் சுவர் நின்ற இடம் நாலு நாளைக்கு முன்னால், திங்கட்கிழமையே, பெட்ரோல் பங்க்காரர் பெயருக்குப் பத்திரமாகியிருந்தது.